தோணிக்கு ஒரு பங்கு

தூத்துக்குடி பக்கத்துத் தருவைகுளத்தில் கரையேறிய மீன் ஏலம் போனதும் கணக்குப் பார்க்க உட்காருவார்கள். டீசல், ஐஸ், தண்ணீர், அரிசி, பருப்பு என்று கடலுக்குக் கொண்டுபோன செலவு முதலில் கழியும். மிச்சத்தை அப்படியே ஆட்களுக்குள் பிரித்துவிட மாட்டார்கள். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த பிறகுதான் ஆள் பங்கு. விகிதம் ஊருக்கு ஊர் மாறும், தொழிலுக்குத் தொழில் மாறும், பிரிக்கும்போது சண்டையும் வரும். ஆனால், ‘படகுக்கு எதுக்குப் பங்கு, அதுவா மீன் பிடிச்சுது?’ என்று கேட்ட ஒருவரை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை.

முத்துக் குளித்த காலத்திலும் இதே நியாயம்தான். சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பில் அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும். மீதி ஒரு பங்கு குளியாட்களுக்கு. அதற்குள்ளிருந்தும் தோணிக்காரருக்கு ஒன்று போயாக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கல்லோடு அடிக்கடலுக்கு இறங்கியவன் மனிதன். தோணி மேலே சும்மா மிதந்துகொண்டிருந்தது. ஆனாலும் அதற்குப் பங்கு உண்டு. 1961இல் நடந்த சலாபத்தோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. தோணிப் பங்குக் கணக்கு நிற்கவில்லை.

இனி, கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்து, ஏதாவது ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் நின்று பாருங்கள். மதுரைக்கு வேலையாகப் போய்வர வேண்டிய ஊழியரிடம் மேலாளர் சொல்வார்: “உங்க கார்லயே போயிட்டு வந்திருங்க, பெட்ரோல் பில் மட்டும் வைங்க.” ஊழியருக்கும் அதில் ஒரு சின்ன மகிழ்ச்சி. பஸ்ஸில் நசுங்க வேண்டாம், டாக்ஸிக்காரரிடம் பேரம் பேச வேண்டாம், வரும் வழியில் மாமியார் வீட்டில் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம். தோணிக்குப் பங்கு கேட்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்தான் அவரும். காருக்குப் பங்கு கேட்கத் தோன்றுவதில்லை.

வேலைக்காக ஊர் சுற்றுகிறவர்கள் தூத்துக்குடியில் ஏராளம். நிலக்கரிக் கப்பலுக்கு டிராஃப்ட் சர்வே எடுக்கப் போகும் சர்வேயர், கப்பல் ஏஜென்சி ஊழியர், கஸ்டம்ஸ் புரோக்கர், உப்பு வியாபாரி, கயத்தாறு பக்கம் காற்றாலை பழுதுபார்க்கும் பொறியாளர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து திருச்செந்தூர் சாலையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. சென்னை போக முத்துநகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. மாவட்டத்துக்குள் சுற்ற, அதுவும் கப்பல் வருகிற நேரத்துக்குச் சுற்ற, ரயிலும் பஸ்ஸும் உதவாது. கப்பல் வருவதற்கு ராகுகாலம், எமகண்டம் கிடையாது. நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அது வந்து கட்டினால், இரண்டு மணிக்கு நீங்கள் பெர்த்தில் நிற்க வேண்டும். ஆகவே கார் வேண்டும். யாருடைய கார் என்பதுதான் கேள்வி.

கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிடுவோம். பத்து லட்ச ரூபாய்க்கு ஒரு கார். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது. ஐந்தாவது ஆண்டு முடியும்போது வண்டியின் மதிப்பைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது காப்பீட்டுக்காரர்களின் அட்டவணை. ஐந்து லட்சம் போச்சு. ஓடியது 75,000 கிலோமீட்டர். வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் எரிபொருளும் கிலோமீட்டருக்கு அதே 6 ரூபாய் 67 காசு. நான் வேண்டுமென்றே பொருத்தி எடுத்த எண்கள் அல்ல. போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பங்க்கில் கார்டைத் தேய்க்கும்போது வலிக்கிற அதே தொகை, வலிக்காமல் இன்னொரு முறை போய்க்கொண்டே இருக்கிறது. இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ் சேர்த்து ஆண்டுக்கு 45,000 என்றால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய். ஐந்தாண்டில் வண்டியில் சராசரியாக முடங்கியிருக்கும் முதலுக்கு ஒன்பது சதவீத வட்டி சேர்த்தால் இன்னொரு நாலரை. மொத்தம் 21 ரூபாயை நெருங்குகிறது. மதுரைக்குப் போய்வர 280 கிலோமீட்டர். உண்மைச் செலவு ஏறக்குறைய 5,800 ரூபாய். அலுவலகம் தருவது 1,870.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ‘கார் எப்படியும் வாசலில்தானே நிற்கிறது? இன்சூரன்ஸும் வட்டியும் ஓடினாலும் உண்டு, ஓடாவிட்டாலும் உண்டு. அதையெல்லாம் மதுரைப் பயணத்தின் தலையில் கட்டலாமா?’ கட்ட வேண்டாம். வட்டியைத் தள்ளிவிடுங்கள், இன்சூரன்ஸையும் தள்ளிவிடுங்கள். டயர் ஓடினால்தான் தேயும். ஆயில் ஓடினால்தான் கறுக்கும். பழைய கார் வாங்க வருகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் பார்ப்பது ஓடிய கிலோமீட்டரை. அலுவலகத்துக்காக ஓடிய தூரத்துக்கு அவர் குறைக்கும் விலையை, பெட்ரோல் பில் மட்டும் கேட்கும் எந்த அலுவலகமும் திருப்பித் தருவதில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசு 2017இல் போட்ட பயணப்படி உத்தரவில், வேறு விலை நிர்ணயிக்கப்படாத ஊர்களில் சொந்தக் காரோ டாக்ஸியோ, எதில் போனாலும் கிலோமீட்டருக்கு 24 ரூபாய் என்று ஒரே வரியில் இருக்கிறது. அகவிலைப்படி ஏற ஏற இதுவும் ஏற வேண்டும் என்ற குறிப்போடு. பிரிட்டனில் சொந்தக் காரில் வேலையாகப் போகிறவருக்கு முதல் 10,000 மைல் வரை மைலுக்கு 45 பென்ஸ் வரியில்லாமல் தரலாம் என்று 2011இல் வைத்தார்கள். அமெரிக்க வருமான வரித்துறை 2025க்கு நிர்ணயித்தது மைலுக்கு 70 சென்ட். இவற்றில் எதுவும் வெறும் பெட்ரோல் காசு அல்ல. வண்டியின் பங்கும் சேர்ந்தது. நம் வருமான வரி விதிகளும் சாதாரணக் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் என்றால், வாடகைக்கு ஓடும் டாக்ஸிக்கு 30 சதவீதம் கொடுக்கின்றன. ஓட்டம் அதிகமானால் ஆயுள் குறையும் என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. தனியார் அலுவலகத்தின் கணக்காளர்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

தூத்துக்குடிக்கென்று இன்னொரு தேய்மானம் இருக்கிறது. அது எந்த அட்டவணையிலும் கிடையாது. உப்பு. முள்ளக்காடு, முத்தையாபுரம் வழியாகத் தினமும் போய்வருகிற வண்டியை இரண்டு வருஷம் கழித்து லிப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். சைலன்சர் பட்டை, பிரேக் குழாய், கதவின் கீழ்மடிப்பு எல்லாம் செந்நிறத்தில் பொரிந்திருக்கும். மதுரைக்காரர் பத்து வருஷம் வைத்திருக்கும் வண்டியை இங்கே ஏழாவது வருஷமே தள்ளிவிடத் துடிக்கிறார்கள். பழைய கார் வியாபாரிகள் பதிவெண்ணில் 69 என்று பார்த்ததும், பானெட்டைத் திறப்பதற்கு முன்பு குனிந்து அடியைப் பார்ப்பது சும்மா இல்லை. அடியில் பூச்சு அடிக்கலாம், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவலாம். நல்ல தண்ணீருக்கு இந்த ஊரில் என்ன விலை என்பது வேறு கதை.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டிராஃப்ட் சர்வேக்குப் போகும் சர்வேயர் இரவு இரண்டு மணிக்குக் கப்பலில் ஏறி, முன்னும் பின்னும் நடுவிலுமாக இரு பக்கமும் ஆறு இடங்களில் நீர்மட்டக் குறியைப் படித்து, தொட்டிகளை அளந்து, கணக்குப் போட்டு, கேப்டனிடம் கையெழுத்து வாங்கி இறங்கும்போது விடிந்திருக்கும். அங்கிருந்து நேராகத் திருநெல்வேலியில் ஒரு வேலை. துறைமுகச் சாலையில் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். காற்றாலை இறக்கை ஏற்றிய வண்டி ஒன்று ரவுண்டானாவில் திரும்பினால், அது திரும்பி முடியும்வரை ஊரே காத்திருக்கும். பைபாஸில் பின்விளக்கு இல்லாமல் ஓரங்கட்டியிருக்கும் லாரிகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அந்த நேரத்தில், அந்தச் சாலையில், தூங்காத கண்ணோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் சர்வேயரே. கண் அசந்து லாரியின் பின்னால் போய் மோதினால் என்ன ஆகும்?

வாடகைக் காரில் பின்சீட்டில் இருந்தால் அவர் பயணி. டிரைவர் மேல் தவறு என்றால் அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து அவரோ அவர் குடும்பமோ விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கலாம். சம்பளம், வயது, பிள்ளைகள் எல்லாம் பார்த்துத் தொகை முடிவாகும். சொந்தக் காரைத் தானே ஓட்டித் தன் தவறால் மோதியவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். தன் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டில் தானே மூன்றாம் நபராக முடியாது. மிஞ்சுவது சொந்தக்காரர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம். அலுவலக வேலையில் நேர்ந்ததென்று நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி உண்டு. ஆனால், ‘அவர் சொந்த வண்டியில், சொந்த விருப்பத்தில் போனார்’ என்று நிறுவனம் சொல்லாமலிருக்க, போகச் சொன்னதற்கு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டும். “போயிட்டு வந்திருங்க” என்று வாயால் சொன்னதற்கு எங்கே சீட்டு?

காப்பீட்டுப் பத்திரத்தின் சின்ன எழுத்துகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். தனியார் காரைச் சொந்த உபயோகத்துக்கும் தொழில் நிமித்தமும் பயன்படுத்தலாம். சாம்பிள் தவிர வேறு சரக்கு ஏற்றக் கூடாது. வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டக் கூடாது என்று இருக்கும். சர்வேயர் நிலக்கரி சாம்பிளைப் பையில் கட்டிப் போட்டுக்கொண்டு போகலாம். ஸ்பேர் பார்ட்ஸ் நாலு பெட்டி ஏற்றினால் பேச்சு மாறும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்காரரையும் ஏற்றிக்கொண்டு போனால் நிச்சயமாக மாறும். ஊரில் ‘ஓன் போர்டு’ வண்டி பாதி ரேட்டுக்குக் கிடைக்கிறது என்று ஏறுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். வெள்ளை போர்டில் கறுப்பு எழுத்து இருந்தால் சொந்த உபயோகம். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து என்றால் டாக்ஸி. கறுப்பு போர்டில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிக்கொள்ளும் வாடகைக் கார். அந்த உரிமம் வாங்க 1989 திட்டப்படி குறைந்தது 50 கார் வேண்டும். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஓட்டியவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். விபத்து என்றால் ஏறியவர் காப்பீட்டு நிறுவனத்தோடு வருஷக்கணக்கில் நீதிமன்றத்தில் நிற்பார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடித் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர். வாசலில் நின்ற கார்கள் ஜன்னல்வரை மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள்தான் பெரிய நஷ்டப்பட்டவர்கள். எஞ்சினுக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிட்டது. இன்சூரன்ஸில் எஞ்சினுக்குத் தனியாகப் பணம் கட்டியிருக்காதவர்களிடம், ‘வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம்’ என்றார்கள். அலுவலகத்துக்காக வருஷம் முழுக்க ஓடிய கார்களும் அவற்றில் இருந்தன. ஓடியது அலுவலகத்துக்கு, மூழ்கியது வீட்டுக்காரருக்கு.

இவ்வளவு சொன்னபின், ‘பேசாமல் வாடகைக்கு எடுத்துவிடலாமே’ என்று தோன்றும். கப்பல்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. வாடகையில் மூன்று ரகம் வைத்திருக்கிறார்கள். ஒரு நடைக்குப் பேசுவது வாயேஜ் சார்ட்டர். எண்ணெய், ஆள் எல்லாம் கப்பல்காரர் பாடு. நாள் வாடகைக்கு எடுப்பது டைம் சார்ட்டர். ஆளும் பராமரிப்பும் கப்பல்காரருடையது, எண்ணெயும் துறைமுகக் கட்டணமும் எடுத்தவருடையது. வெறும் கப்பலை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளும் நாமே போட்டுக்கொள்வது பேர்போட் சார்ட்டர். ஊரில் டிராப் பேசுவதும், டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுப்பதும், செல்ஃப் டிரைவும் இவைதான். வெயிட்டிங் சார்ஜ் என்று டிரைவர் கேட்கும்போது கோபப்படுகிற ஏஜென்சிக்காரர், கப்பலைக் காக்கவைத்ததற்கு டெமரேஜ் கட்டும்போது முணுமுணுக்காமல் கட்டுகிறார். இரண்டும் ஒன்றுதான், அண்ணாச்சி.

ஆனால், வாடகையின் வலி என்னவென்று தூத்துக்குடியைவிட நன்றாக அறிந்த ஊர் இந்தியாவில் இல்லை.

1906 அக்டோபர் 16 அன்று, வ.உ.சி. இங்கே தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவானது. முதல் பத்து லட்ச ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். கம்பெனி இருந்தது, கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் ஸ்டீமர்ஸ் கம்பெனியிடம் வாடகைக்குக் கப்பல் எடுத்து வ.உ.சி. கொழும்புக்கு ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி சும்மா இருக்கவில்லை. வ.உ.சி.யை விட்டுவிட்டு, அவருக்குக் கப்பல் கொடுத்தவரை நெருக்கியது. ஷாலைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இலங்கையிலிருந்து இன்னொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துச் சமாளித்தார். வாடகை வண்டி என்றால் கடிவாளம் அடுத்தவன் கையில் என்பது அந்தச் சில வாரங்களில் தெரிந்துபோயிற்று. 1907இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர், அதோடு 4,000 மூட்டைச் சரக்கு.

இது எல்லாருக்கும் தெரிந்த வீரக்கதை. பள்ளிப் பாடம் இதற்கு மேல் அதிகம் போகாது. கணக்குப் புத்தகத்தின் பக்கம் வேறு. சொந்தக் கப்பல் என்றால் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் கரி வேண்டும், மாலுமிக்குச் சம்பளம் வேண்டும், பழுது பார்க்க வேண்டும். எதிரி இதைச் சரியாகப் புரிந்துகொண்டான். கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தான். சுதேசி எட்டணாவுக்கு இறங்கியது. அதன்பின் வெள்ளைக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்தது என்பார்கள். செயலியில் ‘முதல் மூன்று சவாரிக்குப் பாதிக் கட்டணம்’ என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்தக் குடை ஞாபகம் வரும். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். தலைவன் இல்லாத கம்பெனி தள்ளாடி, 1911இல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலைபோனது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2023இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்தக் கப்பல் போரின் வரவு செலவுகள்வரை தோண்டி எடுத்திருக்கிறார். வீரத்தை விட்டுவிட்டு அந்தக் கணக்குகளை மட்டும் படித்தாலும் மனசு கனக்கும்.

வாடகை, அடுத்தவன் பிடுங்கினால் போய்விடும். சொந்தம், தன் எடையாலேயே மூழ்கடிக்கும். வ.உ.சி. இரண்டையும் இரண்டே வருஷத்துக்குள் பார்த்தார். ஆனால், அவர் கப்பல் வாங்கியது லாபக் கணக்கு தெரியாமல் இல்லை. ‘மாட்டேன்’ என்று இன்னொருவன் சொல்லமுடியாத நிலை அவருக்கு வேண்டியிருந்தது. அதற்கு விலை உண்டு என்பதும் தெரிந்தே கொடுத்தார். மதுரைக்கு ஒரு மீட்டிங்குக்குப் போகிறவருக்கு அந்த நிலை தேவையில்லை. ஒரு டாக்ஸி மாட்டேன் என்றால் இன்னொன்று வரும். நள்ளிரவில் கப்பல் வந்து நிற்கும்போது போன் போட்டு எந்த டிரைவரும் எடுக்காவிட்டால் பிழைப்பே போய்விடுகிற சர்வேயருக்குத் தேவை. இதை விட்டுவிட்டு ‘கிலோமீட்டருக்கு எவ்வளவு’ என்று மட்டும் பேசுகிறவர்கள் பாதிக் கணக்குத்தான் பேசுகிறார்கள்.

வாடகைக் காரின் விலை மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அது முழுக்க இனிப்பான காரணம் அல்ல. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் டாக்ஸி ஐந்து வருஷத்தில் மூன்று லட்சம் ஓடிவிடும். பத்து லட்ச ரூபாய் வண்டி இரண்டு லட்சத்துக்கு விற்றாலும் தேய்மானம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 67 காசுதான். நம் கார் வாசலில் தூங்குகிறது, அது தூங்குவதில்லை. இதுவரை சரி. மிச்ச மலிவு எங்கிருந்து வருகிறது? கார் ஸ்டாண்டில் நிற்கும் டிரைவர்-ஓனர் தவணை கட்டுகிறார், டீசல் போடுகிறார், மிஞ்சியதைச் சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறார். அவரும் தன் வண்டிக்குப் பங்கு எடுத்து வைப்பதில்லை. தவணை முடியும் மாதத்தில் கியர்பாக்ஸ் போகும்போதுதான் கணக்கு புரிகிறது. சர்வேயரை மதுரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஆள் கிடைக்காமல் காலியாக ஓட்டி வரும் 140 கிலோமீட்டருக்கு யார் காசு? அதைத்தான் ‘ரிட்டர்ன்’ என்று சேர்த்துக் கேட்கிறார். நாம் கொள்ளை என்கிறோம்.

இரண்டுக்கும் நடுவே தமிழ்நாடு தனக்கென ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. ஆக்டிங் டிரைவர். கார் நம்முடையது, கை அவருடையது. ஒரு நாள் சம்பளம், சாப்பாடு, இரவு தங்கினால் பேட்டா. தேய்மானக் கணக்கில் ஒரு பைசா குறையாது. தூங்காத கண்ணோடு ஓட்டும் ஆபத்து மட்டும் குறையும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். ஆனால் ஒன்று, ஆக்டிங் டிரைவரின் பெயர் எந்தக் காப்பீட்டிலும் இருக்காது. சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்கான பொறுப்பைக் காப்பீட்டில் சேர்க்க ஆகும் தொகை மிகச் சொற்பம். அதைச் சேர்த்து வைத்திருப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆகவே என் தரப்பு இது. திட்டமிட்டு, பகலில், ஊர்விட்டு ஊர் போகும் வேலைக்கு மஞ்சள் போர்டு வண்டியை அலுவலகம் தன் பெயரில் அமர்த்த வேண்டும். பில்லை ஊழியர் கையில் கொடுத்து அலையவிடக் கூடாது. நேரம் காலம் தெரியாமல் ஓட வேண்டியவர்கள் சொந்தக் காரில் ஓடட்டும். ஆனால், எரிபொருளுக்கு ஒரு வரி, வண்டிப் பங்குக்கு ஒரு வரி என்று இரண்டு வரியாகப் பில் வரட்டும். போகச் சொன்னது எழுத்தில் இருக்கட்டும், அது வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. இரவு வேலை முடித்தவரைக் கட்டாயமாக ஓட்டவிடாத அலுவலகம் ஒன்றாவது இந்த ஊரில் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த கட்டுரையில் பாராட்டி எழுதுகிறேன்.

சொந்தம், வாடகை என்ற கோடே இனி எவ்வளவு நாள் இருக்கும் என்பதும் தெரியவில்லை. 2025 ஆகஸ்ட் 4 முதல் தூத்துக்குடி சிப்காட்டிலேயே கார் செய்கிறார்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட், ஆண்டுக்கு 50,000 மின்சாரக் கார் என்று தொடங்கியிருக்கிறது. அந்தக் குழுமத்தின் முதலாளியே தன் நாட்டில் 2023இல் ஒரு டாக்ஸி கம்பெனியும் ஆரம்பித்து, தன் கார்களைத் தானே ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். காரை விற்று பேட்டரியை மாத வாடகைக்குத் தரும் முறையையும் அங்கே சில காலம் நடத்திப் பார்த்தார்கள். இந்தியாவில் எம்.ஜி. கம்பெனி 2024 செப்டம்பரில் வின்ட்சர் காருக்கு அதைக் கொண்டுவந்தது. அப்போது பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். பாதிக் கார் சொந்தம், பாதிக் கார் வாடகை. பேட்டரிக்காரர் தன் பங்கை முதல் கிலோமீட்டரிலிருந்தே எடுத்துக்கொள்கிறார், ஒரு கிலோமீட்டர்கூடக் கடன் இல்லை. படகு முதலாளிகளான சம்மாட்டிகளின் கணக்கு.

எனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவர் போன வருஷத்திலிருந்து அப்படித்தான் இரண்டு வரியில் பில் வைக்கிறார். முதல் மாதமே சென்னைத் தலைமை அலுவலகத்துக் கணக்கர் போனில் கூப்பிட்டாராம்.

“சார், பெட்ரோல் புரியுது. இது என்ன ‘வண்டிப் பங்கு’ன்னு ஒரு ஹெட் போட்டிருக்கீங்க? எங்க சாப்ட்வேர்ல அப்படி ஒண்ணு இல்லையே?”

“ஒரு நாள் தூத்துக்குடி வாங்க சார்” என்றிருக்கிறார் இவர். “தருவைகுளத்துல ஏலம் முடிஞ்சு கணக்குப் பார்ப்பாங்க. பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போங்க.”

கணக்கர் இன்னும் வரவில்லை. பில் மூன்று மாதமாக நிலுவையில் இருக்கிறது.